ஒரு அலைவரிசை மட்டும் காணோமா? ஏணியை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

மலேசியாவின் பினாங்கில் டிஷ், ஆன்டெனா மாட்டும் வேலை எனக்கு. மழைக்கால மாலைகளில் கைப்பேசி ஓயாது. அது பழகிப்போன தொல்லை. நன்றாக வெயில் அடிக்கும் நாளில் வரும் அழைப்புகள்தான் வேறு மாதிரி. "தம்பி, எல்லாம் நல்லா வருது, அந்த ஒன்னு மட்டும் காணோம்." ஆரம்ப காலத்தில் இதைக் கேட்டதும் ஏணியோடு ஓடுவேன். டிஷ்ஷைத் திருகுவேன். ஒழுங்காக வந்துகொண்டிருந்த மற்றதையும் கெடுத்துவிட்டு, பிறகு அதைச் சரிசெய்ய அரை நாள் போகும். கோளாறு கூரையில் இருந்திருக்காது. உரிமத்திலோ ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ இருந்திருக்கும்.

அதனால் இப்போதெல்லாம் முதலில் போனிலேயே ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்ட்ரோ டிஷ் நிறுவனத்தின் பெட்டி என்றால் 101 (டிவி1), 102 (டிவி2), 103 (டிவி3), 201 (வானவில்), அப்புறம் நீங்கள் காசு கட்டிப் பார்க்கும் ஏதாவது ஒன்று. வரிசையாக அழுத்தி, எது வருகிறது, எது வரவில்லை, வராததில் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "சிக்னல் இல்லை" என்பது வேறு, "இந்த அலைவரிசைக்கு நீங்கள் சந்தா செலுத்தவில்லை" என்பது வேறு. பலர் இரண்டையும் "டிவி வரல" என்றே சொல்கிறார்கள்.

விண்கலத்திலிருந்து, அதாவது செயற்கைக்கோளிலிருந்து, அலைவரிசைகள் ஒவ்வொன்றாக இறங்குவதில்லை. ஒரே அதிர்வெண்ணில் பத்து, பதினைந்து சேர்ந்து கட்டாக வரும். ஆகவே எல்லாம் போனால் கூரையைப் பாருங்கள். ஒரு கட்டு மொத்தமாகப் போனால் கம்பியைப் பாருங்கள். ஒன்றே ஒன்று போனால் அது பெரும்பாலும் காகித விவகாரம், டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

எல்லாமே போய்விட்டது

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

மழையா? அரை மணி நேரம் பொறுங்கள். இங்கே வரும் அலை கனமழையைத் தாண்டி வராது, எவ்வளவு விலையுள்ள டிஷ் என்றாலும் அப்படித்தான். மார்ச் மாதத்தின் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும், வெயிலில், பிற்பகல் 2 மணி வாக்கில் சில நிமிடம் போய்ப்போய் வருகிறதா? அப்போது சூரியன் விண்கலத்துக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சில நாளில் தானே சரியாகும். அதற்காக என்னைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மழையும் காரணம் இல்லை, சூரியனும் காரணம் இல்லை என்றால் பெட்டியின் மின் இணைப்பைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கார்டை எடுத்து மெல்லிய துணியால் துடைத்துச் செருகுங்கள். பிறகு பெட்டியின் பின்னால் இருக்கும் திருகு முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த முனையை வெட்டிப் புதிது போட ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகாது.

மேலே எட்டிப் பார்க்க முடிந்தால் இன்னொன்று. நாம் பார்க்கும் மீசாட் விண்கலங்கள் 91.5 பாகை கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கின்றன. பினாங்கிலிருந்து அது தென்மேற்கே, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், 78 பாகை உயரத்தில். எதிர்வீட்டு மாடியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. டிஷ்ஷுக்கு மேலே படர்ந்த ராம்புத்தான் கிளைதான் எதிரி. டிஷ் மல்லாந்து கிடப்பதால் இலையும் காக்கை எச்சமும் அதிலேயே தங்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் வரவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள். கூரை வழுக்கும். டிஷ்ஷின் மூக்கில் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற கருவி போயிருந்தால் அதை மாற்றி அளவுமானி வைத்துத் திருப்ப வேண்டும்.

உள்ளூர் வருகிறது, காசு கட்டினது வரவில்லை

டிஷ் நன்றாக இருக்கிறது. கட்டணம் பாக்கியா, தொகுப்பு மாறிவிட்டதா, கார்டு காலாவதியா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். மாதக் கட்டணமே வேண்டாம் என்று நிறுத்தியவர்களுக்கு 2012இல் ஆஸ்ட்ரோ தொடங்கிய என்ஜோய் சேவை இருக்கிறது. டிவி1, டிவி2, டிவி3, வானவில் எல்லாம் அதில் கட்டணமில்லாமல் வரும். இதற்குத் தொழிலாளி தேவையில்லை.

காசு கட்டினது வருகிறது, உள்ளூர் ஒன்று மட்டும் காணோம்

இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இதுதான்.

முதல் காரணம், எண்ணோ பெயரோ மாறியிருக்கும். 2020இல் ஆஸ்ட்ரோ எண்களை மாற்றி அடுக்கியபோது எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இதுதான். ஆயர் ஈத்தாமில் ஒரு பாட்டி வீட்டில் ரிமோட்டின் முதுகில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேரன் பால்பாயின்ட் பேனாவில் எழுதிக் கொடுத்த எண்கள் இருந்தன. மை கலைந்து, பாதி எண் பாட்டியின் மனப்பாடத்தில்தான் இருந்தது. பாட்டி அழுத்திக்கொண்டிருந்தது பழைய எண்களை. புதிய பிளாஸ்டர் ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் மைலோ குடித்துவிட்டு வந்தேன். அடுத்த ஆண்டு, 2021 பிப்ரவரி 17இல், என்டிவி7 இருந்த இடத்தில் கல்வி அமைச்சின் டிடிக் டிவி வந்தது. வழக்கமான நாடகம் இருந்த இடத்தில் கணக்குப் பாடம் ஓடியதும் "பெட்டி கெட்டுப்போச்சு" என்றார்கள். பெட்டி நன்றாகத்தான் இருந்தது.

என்ன செய்ய வேண்டும்? எண்ணை அழுத்தாதீர்கள். வழிகாட்டிப் பட்டியலைத் திறந்து பெயரைத் தேடிக் கீழே இறங்குங்கள். பிள்ளைகள் பூட்டு போட்டிருக்கிறார்களா, விருப்பப் பட்டியல் மட்டும் காட்டும்படி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இரண்டாவது காரணம், அந்த அலைவரிசை உங்கள் பெட்டிக்கு வருவதே இல்லை. இதைச் சொன்னால் கோபம் வரும். "உள்ளூர் டிவிதானே தம்பி, எப்படி வராம போகும்?" நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் 1988ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டம் இருந்தது. அதன் இடத்துக்கு 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம், அதாவது சட்டம் 588, வந்து 1999 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நிகழ்ச்சி வழங்குகிறவர் உரிமம் வாங்க வேண்டும். ஆன்டெனாவுக்கு ஒளிபரப்பும் தரைவழி நிலையத்துக்கு ஓர் உரிமம், டிஷ் வழியாகத் தருகிற நிறுவனத்துக்கு ஓர் உரிமம். உரிமம் இருப்பதால் ஒளிபரப்பலாம், அவ்வளவுதான். எல்லாப் பெட்டியிலும் இடம் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. தனியார் நிலையம் டிஷ்ஷில் வருவதும் வராததும் இரண்டு நிறுவனங்கள் உட்கார்ந்து பேசிக்கொள்கிற விஷயம். அந்தப் பேச்சு முறிந்தால் நான் டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் வராது.

சோதனை சுலபம். ஆன்டெனா மட்டும் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்குப் போங்கள். மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு வழியாக அங்கே அந்த அலைவரிசை ஓடினால், நிலையம் உயிரோடுதான் இருக்கிறது, உங்கள் பெட்டியில் மட்டும் இல்லை. தீர்வும் அதுவே, நீங்களும் ஒரு ஆன்டெனா போடுங்கள். டிஷ் ஒரு துளையில், ஆன்டெனா இன்னொரு துளையில். ஒரே டிவியில் இரண்டையும் வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான்.

மூன்றாவது, அலைவரிசை வருகிறது, ஒரு நிகழ்ச்சி மட்டும் வரவில்லை. முக்கால்வாசி பந்தாட்டமாக இருக்கும். விளையாட்டு உரிமையை நாடு நாடாக, டிவிக்குத் தனி, செயலிக்குத் தனி என்று கூறு போட்டு விற்கிறார்கள். ஆட்டம் முடிந்து அடுத்த நிகழ்ச்சி ஒழுங்காக வந்தால் பழுது ஒன்றும் இல்லை.

யாரைக் கூப்பிடுவது? என்னை வேண்டாம். நிறுவனத்திடம் புகார் எண் வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் மன்றங்களில் தொலைத்தொடர்புக்கென்று உள்ள சிஎஃப்எம்மிடம் போகலாம். அதுவும் அதே சட்டத்தின் கீழ் வந்ததுதான். தேதி, புகார் எண், திரையைப் பிடித்த படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

பிளாட்டில் இருக்கிறோம், பாதி அலைவரிசை காணோம்

இங்கே பதினைந்து, இருபது ஒன்றாகப் போயிருக்கும். முன்னே சொன்ன கட்டுக் கணக்கு இதுதான். மொட்டைமாடியில் பொது டிஷ் வைத்து, அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கட்டடங்களில் பிரிப்புப் பெட்டியின் ஒரு கால் செத்துப்போனால் சில கட்டுகள் மட்டும் ஒன்றாக விழும். மேல் வீட்டிலும் கீழ் வீட்டிலும் அதே அலைவரிசைகள் இல்லையா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்தின் வேலை, நீங்கள் காசு கொடுக்காதீர்கள். அங்கே வந்து உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் சுவரிலிருந்து டிவி வரைக்கும் உள்ள கம்பி உங்கள் பொறுப்பு.

நிர்வாகம் இழுத்தடிக்கிறது என்று சன்னலுக்கு வெளியே சொந்த டிஷ் மாட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பம். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், சட்டம் 757, 2015இல் நடப்புக்கு வந்தது. அதன் விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் குடியிருப்பாளர்களுக்கான துணைவிதிகள் இருக்கின்றன. வெளிச்சுவர் உங்களுடையது அல்ல, பொதுச்சொத்து. எழுத்தில் அனுமதி இல்லாமல் அதில் ஆணி அடிக்கக் கூடாது. ஜெலுத்தோங்கில் ஒரு கொண்டோவில் நான் காலையில் மாட்டிய டிஷ்ஷை மாலையில் ஜாகா (காவலாளி) வந்து கழற்றச் சொன்னார். கழற்றினேன். நான்கு துளையையும் பூசினேன். வீட்டுக்காரர் என் கூலியைக் கொடுக்கத் தயங்கினார், அதுவும் நடந்தது. அன்றிலிருந்து கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் துளையிடுவதில்லை.

ஆகவே முதலில் நிர்வாக அலுவலகத்தில் கடிதம் கொடுங்கள், கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லையென்றால் மாநகராண்மைக் கழகத்தில் இருக்கும் கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். தீவுக்கு எம்பிபிபி, பட்டர்வொர்த் பக்கத்துக்கு எம்பிஎஸ்பி. அதற்கும் மேலே அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஒரு டிஷ்ஷுக்காக அதுவரை போனவரை நான் பார்த்ததில்லை.

டிஷ்ஷே இல்லை, ஆன்டெனாவில் உள்ளூர் வரவில்லை

"முன்னெல்லாம் ஒரு கம்பி சொருகினா வந்துச்சே!" வந்தது. 2019 அக்டோபர் 31இல் நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. இப்போது வருவது டிவிபி-டி2 என்ற வகை. டிவி வந்த அட்டைப்பெட்டியிலோ டிவியின் முதுகிலோ அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். வெறும் டிவிபி-டி என்று மட்டும் இருந்தால் போதாது, தனி டிகோடர் வேண்டும்.

பெயர் இருந்தும் வரவில்லையென்றால் திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். நாட்டின் பெயரைக் கேட்டால் மலேசியா என்று கொடுங்கள். கடையில் வேறு நாட்டை வைத்துவிட்டு அனுப்புவதுண்டு. அடுத்தது ஆன்டெனாவின் திசை. ஜார்ஜ் டவுனிலும் பட்டர்வொர்த்திலும் வடக்கே குனோங் ஜெராய் பக்கம் திருப்பிப் பாருங்கள். பாலிக் பூலாவ் போல மலை மறைக்கிற இடத்தில் சிரமம், அங்கே நான் எந்த உறுதியும் கொடுப்பதில்லை, வந்து அளந்துவிட்டுத்தான் சொல்வேன். கம்பி ஆன்டெனாவைச் சன்னலோரம் வைத்து மூன்று இடம் மாற்றிப் பார்த்த பிறகும் வரவில்லையென்றால்தான் கூரை ஆன்டெனாவுக்குச் செலவு செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு பெட்டியில் எல்லாம் வந்தது, ஒரே ராத்திரியில் போய்விட்டது

சந்தையில், இரவுக் கடையில் வாங்கிய பெட்டி. ஒருமுறை காசு கட்டினால் உலகத்து டிவி எல்லாம் என்று சொல்லியிருப்பார்கள். இணையம் வேலை செய்கிறதா, பெட்டியைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா என்பதோடு என் சோதனை முடிந்தது. அதற்கு மேல் நான் கை வைப்பதில்லை, கடன்பட்ட சொந்தக்காரர் என்றாலும் சரி.

காரணம் சொல்லிவிடுகிறேன். சட்டம் 588ஐ வைத்துத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களிடம் சொல்லித் தளங்களை அடைக்கிறது. உங்கள் பெட்டி எடுத்துக்கொண்டிருந்த இடம் அடைபட்டிருக்கும். கூடவே 2022 மார்ச் 18இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இந்தப் பெட்டிகளை விற்பவரையும் மாட்டித் தருபவரையும் குறிவைக்கிறது. அபராதம் 10,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளி வரை, சிறை 20 ஆண்டு வரை. ஐம்பது வெள்ளிக் கூலிக்கு நான் அந்தப் பக்கம் போவேனா?

பெட்டியில் சிரிம் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது கருவி தரமானது என்பதற்குத்தான். உள்ளே ஓடுகிற படத்துக்கு யார் உரிமை கொடுத்தார் என்பது அதில் எழுதியிருக்காது.

சென்னையிலிருந்து கொண்டுவந்த பெட்டி

ஊருக்குப் போய்வரும்போது பயணப் பெட்டியில் வேட்டி, சேலைக்கு நடுவில் ஒரு டிகோடரையும் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அந்த உரிமம் இந்தியாவுக்குள் மட்டும், அந்த விண்கலத்தின் கற்றையும் இந்தியாவைப் பார்த்து வளைக்கப்பட்டது. இங்கே சோதனை எதுவும் தேவையில்லை, பெட்டியை அடுத்த பயணத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சென்னையில் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். தூர்தர்ஷனில் கிரிக்கெட் ஆட்டம், ஆனால் அவர் வீட்டுத் தனியார் டிஷ்ஷில் ஆட்ட நேரத்தில் மட்டும் வேறு நிகழ்ச்சி. பக்கத்துத் தெருவில் தூர்தர்ஷனின் சொந்த டிஷ்ஷான டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர் ஆட்டம் பார்க்கிறார். அதுவும் சட்டம்தான். 2007இல் வந்த சட்டப்படி முக்கிய ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் உரிமைதாரர் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அப்படிப் பகிர்ந்ததைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழியிலும் தன் சொந்த டிஷ்ஷிலும் மட்டும் காட்டலாம், கேபிளுக்கும் தனியாருக்கும் தரக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சித்தப்பா பெட்டியை எத்தனை முறை தட்டினாலும் வராது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வீட்டில் உள்ளூர் நிலையம் வரவில்லை

இதையும் என்னிடம்தான் கேட்கிறார்கள். என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான், அவனால் கற்றுக்கொண்டேன்.

முதலில் கணக்கில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். அங்கே நாடு 210 சந்தைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த வட்டாரத்தில் வீடு என்பதை வைத்துத்தான் எந்த ஊர் நிலையம் என்று முடிவாகும். வீடு மாறி முகவரியை மாற்றாமல் விட்டிருந்தால் பழைய ஊர் நிலையத்தைத்தான் பெட்டி தேடும். அது இந்தக் கூரைக்கு எட்டாது. இரண்டு ஊர் எல்லையில் வீடு என்றால், ஜன்னலில் தெரிகிற ஊரின் செய்தி வராமல் அறுபது மைல் தள்ளிய ஊரின் வானிலை வரலாம். அது பழுதில்லை.

முகவரி சரியென்றால் தகராறு நடக்கிறதா பாருங்கள். 1999 வரைக்கும் அங்கே டிஷ் நிறுவனங்கள் உள்ளூர் நிலையத்தை அந்த ஊருக்கே கொடுக்க அனுமதி இல்லை. அந்நாட்டின் 1988 சட்டப்படி ஆன்டெனாவில் எடுக்க முடியாத வீட்டுக்கு மட்டும் தூரத்து நிலையத்தைக் கொடுக்கலாம். 1999 சட்டம் கதவைத் திறந்தது. 2002 முதல் ஒரு ஊரில் ஒரு நிலையத்தைக் காட்டினால் கேட்கிற மற்ற நிலையங்களையும் காட்ட வேண்டும். ஆனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நிலையம் தேர்ந்தெடுக்கலாம்: கட்டாயமாக எடுத்துக்கொள் என்று கேட்பதா, காசு பேசி அனுமதி தருவதா என்று. பெரிய நிலையங்கள் காசுதான் கேட்கும். பேச்சு முறிந்த ராத்திரி திரை கறுப்பாகும். முன்பு அந்த மாதிரி நேரத்தில் பக்கத்து ஊர் நிலையத்தைக் கேட்டு வாங்கப் பார்ப்பார்கள். 2019இல் வந்த சட்டம் அந்த வழியையும் சுருக்கி, நகரும் வண்டி வீடுகள், லாரிகள், நிலையம் குறைவான ஊர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் என்று விட்டுவிட்டது.

அவனுக்கும் நான் சொன்னது அதேதான்: இருபது டாலருக்கு ஆன்டெனா வாங்கிச் சன்னலில் ஒட்டு. இரண்டு நாள் கழித்துக் காணொளி அழைப்பில் வந்தான். கண்ணாடியில் தட்டையாக ஒரு கறுப்புத் தாள், கீழே தொங்கும் கம்பி, பின்னால் காலை வெயில். "மாமா, வருது. ஆனா மைக்ரோவேவ் போட்டா போயிடுது." கம்பியைச் சமையலறைச் சுவரை விட்டுத் தள்ளி ஓட்டச் சொன்னேன்.